ஹைக்குவுக்கு ஃபெட்ச்மெயிலா, எம்பாப்பா, கெட்மெயிலா?

ஹைக்கு மாதிரி யூனிக்ஸ் சாயலில் இருக்கும் இயங்குதளத்துக்கு மெயிலை இறக்கித் தரும் நிரல் ஒன்றைக் கொண்டுபோகலாம் என்றதும் எல்லோர் வாயிலும் முதலில் வருவது ஃபெட்ச்மெயில்தான். 1996-இல் எரிக் ரேமண்ட் பாப்கிளையன்ட் என்ற பழைய நிரலை எடுத்து வளர்த்தது, சர்வரிலிருந்து மெயிலை எடுக்கும் நெறிமுறைகளான பாப்3, ஐமேப் இரண்டும் தெரியும், சி மொழியில் எழுதியது. கம்பைல் செய்வது பெரிய தலைவலி இல்லை. ஹைக்குவில் நெட்வொர்க்கில் பேச உதவும் சாக்கெட் ஃபங்ஷன்கள் லிப்நெட்வொர்க் என்ற தனி லைப்ரரியில் இருப்பதால், நிரலின் துண்டுகளை இணைக்கும் லிங்கர் முரண்டு பிடிக்கும், அந்த லைப்ரரியை நாமே சேர்த்துக் கொடுத்தால் சரி.

தலைவலி அதற்கப்புறம்தான். இறக்கிய மெயிலை ஃபெட்ச்மெயில் தானாக டிஸ்கில் எழுதாது, அதே கணினியின் 25-ஆம் போர்ட்டில் இருக்கும் மெயில் சர்வரிடம் தள்ளும். ஹைக்குவில் அங்கே யாரும் காத்திருப்பதில்லை. மெயிலை எந்த நிரலிடம் கொடுப்பது என்று சொல்லும் எம்டிஏ ஆப்ஷனில் ஒரு ஸ்கிரிப்டை வைக்கலாம், ஆனால் அந்த ஸ்கிரிப்ட் எதையும் எழுதாமலே பூஜ்யத்தைத் (வேலை முடிந்தது என்று பொருள்) திருப்பினால் மெயில் சேர்ந்துவிட்டது என்று நம்பி ஃபெட்ச்மெயில் அதை மெயில் வந்த சர்வரிலிருந்து அழித்துவிடும். போதாக்குறைக்கு ஹைக்குவில் நாம் எப்போதும் பயனர் எண் 0, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள ரூட், அதனால் ரூட்டாக ஓட்டாதே என்ற எச்சரிக்கை வேறு.

எம்பாப் சின்னது, பாப்3 மட்டும்தான். மெயில்டிர் (ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு), எம்பாக்ஸ் (எல்லா மெயிலும் ஒரே கோப்பில்) இரண்டு வடிவிலும் தானே எழுதிவிடும், நடுவில் சர்வர் எதுவும் வேண்டாம். சான்றிதழ் கோப்பு வழக்கமான இடத்தில் இல்லையென்றால் அதன் பாதையை கான்ஃபிக்கில் ஒரு வரியில் சொல்லிவிடலாம். பாப்3 போதும் என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

ஐமேப்பும் வேண்டுமா, கெட்மெயில்6. அது பைத்தானில் எழுதியது, பைத்தான் 3 ஓடும் இடத்துக்குக் கொண்டுபோகவே பெரிதாக ஒன்றுமில்லை. பழைய கெட்மெயில் 5 பக்கம் போகாதீர்கள், அது பைத்தான் 2-ஐ நம்பியிருக்கிறது.

எதை எடுத்தாலும் மெயில்டிர் எழுதும் பகுதியில் link() அழைப்பு (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர், அதாவது ஹார்ட் லிங்க், வைப்பது) இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். ஹைக்குவின் கோப்பு முறையான பிஎஃப்எஸ்ஸில் ஹார்ட் லிங்க் கிடையாது, நிரலில் அந்த அழைப்பு இருந்தால் அதை ரீநேமாக மாற்ற வேண்டியதுதான். சோதிக்கும்போது ஃபெட்ச்மெயில், எம்பாப் இரண்டிலும் மெயிலை சர்வரிலேயே விட்டுவைக்கும் கீப் ஆப்ஷனை மறக்காமல் போடுங்கள், இரண்டுக்கும் இறக்கியபின் சர்வரில் அழிப்பதுதான் இயல்பு. கெட்மெயில் மட்டும் நாம் சொன்னால்தான் அழிக்கும்.