மச்சச் சட்டியாகிப் போன சீனத் தாச்சி

எங்கள் வீடு திருகோணமலை உப்புவெளியில், கடலுக்கு 300 மீற்றர் இந்தப் பக்கம். இரும்புச் சாமான் ஒன்றைப் பற்றி எழுதப்போகிறேன் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பெயரிலேயே உப்பு இருக்கிறது. கேற் கொளுக்கியிலிருந்து சைக்கிள் செயின் வரை இங்கே எல்லாம் துருப்பிடிக்கவென்றே பிறந்தவை.

சாமான் என்னவென்றால் ஒரு கார்பன் ஸ்டீல் வொக். சீனர்களின் தாச்சி. டவுனில் ஒரு பாத்திரக் கடையில் எட்டு மாதத்துக்கு முன் 6,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வாய் 13 அங்குலம், அடி தட்டை, ஒரு பக்கம் நீண்ட மரக் கைப்பிடி, எதிர்ப்பக்கம் தூக்கிப் பிடிக்க ஒரு சின்னக் காது. நிறை 1.7 கிலோ. பெட்டியில் சீன எழுத்து மட்டும்தான், ஆகவே கம்பனிப் பெயரைக் கேட்காதீர்கள்.

இதை வாங்கவைத்தது அக்கா. நியூயோர்க்கில் குயின்ஸ் பக்கம் இருக்கிறார். 2018இல் போய் மூன்று மாதம் அவரோடு நின்றேன். அங்கேயும் வெள்ளிக்கிழமை மரக்கறிதான். அந்தக் கடனைத் தீர்ப்பதுபோல சனிக்கிழமை பின்னேரம் தெரு மூலைச் சீனக் கடையிலிருந்து கோழி வரும். வெள்ளைக் கடதாசிப் பெட்டி, மேலே மெல்லிய கம்பிக் கைப்பிடி. அந்தப் பெட்டிக்கு 1894இலேயே காப்புரிமை எடுத்திருக்கிறார்கள். முதலில் அது சிப்பி கொண்டுபோகச் செய்யப்பட்ட பெட்டியாம்.

என் நாக்கில் ஒட்டிக்கொண்டவை இரண்டு. ஒன்று புரொக்கோலி போட்ட கோழி. மற்றது ஜெனரல் ட்ஸோ சிக்கன்: மொறுமொறுவென்று பொரித்து, இனிப்பும் புளிப்பும் உறைப்புமாக ஒரு பளபளப்பான சோஸில் பிரட்டியது. அந்த ஜெனரல் 1885இல் இறந்துபோன ஒரு சீனத் தளபதி. இந்தக் கோழியை அவர் கண்ணாலும் கண்டதில்லை. ஹுனான் மாகாணத்திலிருந்து 1949இல் தைவானுக்குப் போன பெங் சாங்-குவெய் என்ற சமையற்காரர் 1950களில் ஒன்றைச் செய்து, தளபதியின் பெயரை வைத்தார். அவர் செய்தது இனிப்பானதல்ல. 1970களில் நியூயோர்க்குக்கு வந்த பிறகுதான் அதில் சீனி ஏறியது. நம் ஊர் ஹோட்டல்களின் டெவல் சிக்கனுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வந்து நான் இதையெல்லாம் வீட்டு அலுமினியத் தாச்சியில்தான் முதலில் செய்து பார்த்தேன். ஒரு கிலோ கோழியை ஒரேயடியாகக் கொட்டினேன். அடுப்பு என்ன செய்யும் பாவம், தாச்சி குளிர்ந்து, இறைச்சி தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீரிலேயே அவிந்தது. மனைவி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "சீனக்கறி எண்டு சொன்னியள், இது சொதி மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். அதற்குப் பிறகுதான் பாத்திரக் கடைக்குப் போனேன்.

கடையில் நின்ற தம்பி, "நொன்ஸ்டிக் மாதிரித்தான் சேர், கழுவிட்டு அப்பிடியே வையுங்கோ" என்றான். நானும் நம்பினேன். முதல் நாள் கோழி ஒட்டிய ஒட்டில் அகப்பையின் விளிம்பே தேய்ந்துவிட்டது. அடியில் ஒட்டாத பூச்சு எதுவும் இந்தச் சட்டியில் இல்லை. கடையில் கிடக்கும்போது துருப்பிடிக்காமல் இருக்க ஒரு மெழுகெண்ணெய் பூசி அனுப்புகிறார்கள், அவ்வளவுதான். அந்த எண்ணெயை முதலில் போக்க வேண்டும், அப்புறம் சட்டியைப் பழக்க வேண்டும். புதுத் தோசைக்கல் வாங்கினால் அம்மாமார் என்ன செய்வார்களோ அதேதான்.

நான் செய்த விதம் இது. சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டு இரண்டு தரம் நன்றாகத் தேய்த்தேன். வெறும் சட்டியை அடுப்பில் ஏற்றி, சாம்பல் நிறம் போய் மயில் கழுத்து நீலம் வரும்வரை பக்கம் பக்கமாகச் சுழற்றிச் சுட்டேன். ஆறவிட்டு, ஒரு துணியில் எண்ணெய் தொட்டு மெல்லிசாகப் பூசி, பூசியதையும் துடைத்துவிட்டு, மறுபடி புகை வரச் சுட்டேன். இப்படி நாலு தரம். இங்கேதான் எனக்கு ஒரு நாள் வீணாகியது. வீட்டில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெய் பூசினேன். சமையலுக்கு அதைப்போல் உண்டா, ஆனால் இந்த வேலைக்கு அது சரிவராது. சூட்டில் இறுகி இரும்போடு படலமாகப் பிடிக்கும் குணம் அதற்கு மிகக் குறைவு. அடுத்த நாள் சோயா எண்ணெயால் செய்தேன், பிடித்துக்கொண்டது. நாலாம் தரம் பூசிக்கொண்டிருந்தபோது மனைவி குசினி வாசலில் நின்று, "என்ர தலைக்கு ஒரு நாளாவது இப்பிடி எண்ணெய் வைச்சு விட்டிருப்பியளோ?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை.

இரண்டு கிழமை கழித்து முட்டை பொரித்துப் பார்த்தேன். ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. அன்றைக்குத்தான் 6,800 ரூபாய் செரித்தது.

சரி, சமையல். இந்தச் சட்டியின் உண்மையான பலம் அதன் சூடு. தகடு மெல்லியது என்பதால் சட்டென்று ஏறுகிறது. அடுப்பைக் குறைத்தால் அதே வேகத்தில் இறங்கவும் செய்கிறது. ஆனால் 250 கிராமுக்கு மேல் இறைச்சி ஒரே தரத்தில் போட்டால் இதிலும் சொதிதான். குயின்ஸில் அந்தக் கடைக் குசினியை ஒருநாள் எட்டிப் பார்த்தேன். அடுப்பு இரைகிற இரைச்சலில் ஓர்டர் சொல்வதே கேட்காது. அந்த நெருப்புக்கு முன் நம் வீட்டு காஸ் அடுப்பு குத்துவிளக்கு. அவர்கள் ஒரு நிமிடத்தில் முடிப்பதை நாம் மூன்று பங்காகப் பிரித்து, எடுத்து எடுத்து வைத்துத்தான் செய்ய வேண்டும். அந்த நெருப்பில் கறிக்கு ஏறும் புகை மணத்துக்குக் கன்ரனீஸ் மொழியில் வொக் ஹெய் என்று பெயர், ஹெய் என்றால் மூச்சு. கடையில் கிடைத்தது முழு மூச்சு என்றால் என் குசினியில் கிடைப்பது அரை மூச்சு. அலுமினியத் தாச்சியில் அதுவும் இல்லை.

கடைக் கோழி ஏன் அவ்வளவு வழுக்கலாக, மெதுவாக இருக்கிறது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இரகசியம் கோன் பிளவர். 400 கிராம் நெஞ்சு இறைச்சியைத் தசைநாருக்குக் குறுக்கே மெல்லிசாக வெட்டி, ஒரு முட்டை வெள்ளைக்கரு, ஒரு மேசைக்கரண்டி கோன் பிளவர், ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸ், கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பிசைந்து அரை மணித்தியாலம் வைத்துவிடுங்கள். அந்த மாப்படலம் நெருப்புக்கும் இறைச்சிக்கும் நடுவே நின்று சாறை வெளியே விடாது. உப்பைக் கவனமாகப் போடுங்கள், சோயாவிலும் கடைசியில் விடும் ஒயிஸ்டர் சோஸிலும் ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது.

புரொக்கோலிதான் இங்கே பாடு. நுவரெலியாப் பக்கத்திலிருந்து சில கிழமைகளில் சுப்பர்மார்க்கெட்டுக்கு வரும். வந்தாலும் வாடிப்போய், விலையோ கோழியோடு போட்டி. முதலில் மனம் நொந்தேன், பிறகு ஒன்று தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் அந்தச் சமையலைத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் தென்சீனத்துக் குவாங்டொங் மாகாணத்து ஆட்கள். ஊரில் அவர்கள் சமைத்தது கைலான் என்ற கீரை. அது கிடைக்காத இடத்தில், இத்தாலியர் கொண்டுபோய்ப் பயிரிட்ட புரொக்கோலியைப் போட்டார்கள். அவர்கள் கீரையை விட்டுப் பூவுக்குப் போனார்கள், நான் பூவை விட்டுக் கீரைக்கே வந்துவிட்டேன்: கங்குன். சந்தையில் கட்டுக் கட்டாகக் கிடக்கிறது. தண்டைத் தனியாக, இலையைத் தனியாக வெட்டி, தண்டை ஒரு நிமிடம் முந்திப் போட வேண்டும். கடைசியில் கோழியையும் சோஸையும் சேர்த்து ஒரு பிரட்டு. போஞ்சியும் கரட்டும் சேர்த்தும் செய்வோம். போஞ்சியை முதலில் கொதிதண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுக்காவிட்டால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். சிப்பிக் காளான் பக்கெற் கிடைத்தால் விடாதீர்கள். கறிமிளகாய் வேண்டாம், அதன் வாசனை எல்லாவற்றையும் அமுக்கிவிடும். மகன் இதை ஏற்றுக்கொள்ளமாட்டான், அது எங்கள் வீட்டுச் சண்டை.

இன்னொன்று. சீனச் சமையலில் வரும் எள்ளெண்ணெயும் நம் நல்லெண்ணெயும் ஒன்றல்ல. அவர்கள் எள்ளை வறுத்துப் பிழிகிறார்கள், நம்முடையது வறுக்காத எள். இரண்டு கரண்டி நல்லெண்ணெய் விட்டுப் பார்த்தேன், தீபாவளி முழுக்கு மணம் வந்தது. இப்போது ஒரு தேக்கரண்டி எள்ளை வறுத்து, அம்மியில் ஒரு இழுப்பு இழுத்து, இறக்கும்போது தூவுகிறேன். அரிசி வைனும் இங்கே கிடைக்காது. கூட்டாளி ஒருவன் பேச்சைக் கேட்டு ஒரு தரம் தென்னஞ்சாராயம் விட்டேன். குசினி முழுக்கக் கலியாண வீட்டுப் பின்வளவு மணத்தது. இப்போது ஒன்றும் விடுவதில்லை. எங்களுடைய நாக்குக்கு அது ஒரு குறையே இல்லை.

ஜெனரலுக்குத் தொடை இறைச்சி எடுங்கள், நெஞ்சு காய்ந்துவிடும். கோன் பிளவரில் நன்றாகப் புரட்டி இரண்டு தரம் பொரிக்க வேண்டும். முதல் தரம் வேக, ஆறவிட்டு இரண்டாம் தரம் மொறுக. இந்தச் சட்டியின் சரிவான வயிற்றுக்கு இரண்டு கோப்பை எண்ணெயே போதும், தட்டைப் பொரிசட்டியில் இந்த ஆழம் வர நாலு கோப்பை வேண்டும். எண்ணெயை வடித்துவிட்டு, எட்டுச் செத்தல் மிளகாயை முழுதாகப் போட்டு, உள்ளியும் இஞ்சியும் வதக்கி, சோயா இரண்டு மேசைக்கரண்டி, வினாகிரி இரண்டு, சீனி மூன்று, கால் கோப்பைத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி கோன் பிளவர். சோஸ் கண்ணாடி மாதிரி வந்ததும் கோழியைப் போட்டு இருபது விநாடியில் இறக்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். "தம்பி, நிறம் சரி, ஆனா இஞ்ச இதைவிட இனிப்பு" என்று அக்கா எழுதினார். மூன்று கரண்டிச் சீனிக்கு மேல் என்னால் முடியாது.

குறைகளுக்கு வருகிறேன். புளிப்பு இந்தச் சட்டிக்கு எதிரி. சமைக்கும் சில நிமிடத்தில் ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு இரவு கரண்ட் போய்விட்டது, மிச்ச ஜெனரலை அப்படியே மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் வினாகிரி கறுப்புப் படலத்தைத் தின்று, சோஸ் சாம்பல் நிறமாகி, வாயில் வைத்தால் ஆணியைச் சப்பினதுபோல இரும்புச் சுவை. கோழி நாய்க்குப் போனது, சட்டியை முதலிலிருந்து பழக்கினேன். அன்னாசி போட்ட இனிப்புப் புளிப்புக் கறி அடிக்கடி செய்கிறவர்கள் இதை வாங்க வேண்டாம். புளிக்கறி வைக்கவே வேண்டாம்.

துரு அடுத்தது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பிரச்சினை இல்லை, காற்று காய்ந்தது. அந்த மாதங்களில் தொல்லை வேறு: யன்னலைத் திறந்தால் அடுப்பு அணைகிறது, மூடினால் மிளகாய்ப் புகையில் வீடே இருமுகிறது. வாடைக்காற்று தொடங்கினால்தான் துரு. மார்கழியில் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தால் விடிய விளிம்பில் செம்மஞ்சள் வரி. கழுவியதும் அடுப்பில் ஏற்றி ஈரம் போகச் சுட்டு, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, பழைய பேப்பரில் சுற்றி அலுமாரிக்குள் வைக்கிறேன். கழுவத் தேங்காய்த் தும்பும் வெந்நீரும் போதும், கம்பி பிரஷ் வேண்டாம்.

உண்மையான கோபம் கைப்பிடியில். மூன்றாம் மாதம் அது ஆடத் தொடங்கியது. மரத்துக்குள் இறங்கும் திருகாணி சின்னது, சூட்டில் மரம் சுருங்கத் தானாகக் கழன்றுவருகிறது. சுடு எண்ணெயோடு சட்டி கையில் திரும்பினால் என்ன ஆகும்? கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். "பில் இருக்கா சேர்?" இருந்தது. "ஒரு மாதத்துக்குள்ள வந்திருக்க வேணும்." வெளியே வந்து, ஒரு தச்சரிடம் கொடுத்து நீளமான ஆணி போட்டுக்கொண்டேன். 150 ரூபாய். இன்றுவரை அசையவில்லை.

இதெல்லாம் போக, நான் எதிர்பார்க்காத ஒரு சிக்கல். மரக்கறிதான் இந்தச் சட்டியில் அருமையாக வருகிறது. கோவாவை அகலமாக வெட்டி, உள்ளி தட்டிப்போட்டு, நல்ல சூட்டில் இரண்டு நிமிடம் பிரட்டினால் ஓரம் கருகி நடுவில் இனிக்கும், கோழியை மறந்துவிடுவீர்கள். அதை வெள்ளிக்கிழமை செய்யலாம் என்றுதான் நினைத்தேன். மனைவி சட்டியைத் தொடவிடவில்லை. "அது மச்சச் சட்டி." சோப்புப் போட்டுத் தேய்க்கிறேனே என்றேன். "தேய்ச்சாப் போகாத எண்ணெய் எண்டு நீங்கள்தானே சொன்னியள்?" அந்தக் கறுப்புப் படலம் எண்ணெய் இறுகியது, எட்டு மாதக் கோழியும் அதற்குள் இருக்கிறது என்று நான்தான் பெருமையாக விளக்கியிருந்தேன். என் வாயே எனக்கு எதிரி. வெள்ளிக்கிழமைக் கோவா பழையபடி அலுமினியத் தாச்சிக்குப் போய் வெந்து தொங்குகிறது.

போன கிழமை அவரே சொன்னார், மரக்கறிக்குத் தனியாக ஒன்று வாங்கலாம் என்று. அதே கடை, அதே தம்பி. விலை 7,400 ஆகியிருந்தது. ஸ்க்ரூட்ரைவரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். காசு கொடுக்க முன் அங்கேயே பெட்டியைப் பிரித்து, மூன்று சட்டியின் கைப்பிடியைத் திருகிப் பார்த்து, மூன்றாவதை எடுத்தேன்.