உமிழ்நீர்க் குழாயும் அம்மம்மாவின் ஞாபகமும்: வீட்டிலிருந்தே செய்யும் டீஎன்ஏ பரிசோதனை பற்றி

கடந்த ஆண்டு தைப்பொங்கலுக்கு ரொறன்ரோவிலிருந்து விசுவமடுவுக்கு வந்த அத்தான், சொக்லேட்டுகளுக்கும் கோடாலித் தைலத்துக்கும் இடையில் இரண்டு வெள்ளைப் பெட்டிகளையும் கொண்டுவந்திருந்தார். உமிழ்நீரிலுள்ள டீஎன்ஏயைப் பரிசோதித்து, நம் முன்னோர் எங்கிருந்து வந்தனர், எந்த நோய்கள் வரக்கூடும், எந்தப் பரம்பரை நோயைப் பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடும் என்றெல்லாம் அறிக்கை தரும் வட அமெரிக்க நிறுவனமொன்றின் பரிசோதனைப் பெட்டி அது. பெட்டியொன்று இருநூறு கனேடிய டொலருக்குச் சற்றுக் கூட என்று அவர் சொன்னார். அன்பளிப்பாக வந்ததால் விலையைப் பற்றி நான் குறைசொல்ல முடியாது.

எனக்கு அதில் ஆர்வம் ஏற்பட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. எந்த வைத்தியரிடம் போனாலும் முதலில் கேட்பது, "வீட்டில் யாருக்காவது சலரோகம், பிறசர், இருதய வருத்தம் இருக்கிறதா?" என்பதுதான். வன்னியில் பல குடும்பங்களுக்கு இந்தக் கேள்விக்கு நேரான பதில் இல்லை. கிளினிக் கொப்பிகள் 2009 இல் இடப்பெயர்வோடு போயின. அதைவிடப் பெரிய இழப்பு, வருத்தம் வெளிப்படும் வயதை எட்டாமலே எங்கள் ஆட்கள் போய்விட்டமை. என் அப்பப்பா நாற்பத்தொரு வயதில் செல்லடியில் இறந்தவர். உயிரோடிருந்திருந்தால் ஐம்பத்தைந்தில் அவருக்கு மாரடைப்பு வந்திருக்குமா என்பதை யார் சொல்ல முடியும்? அந்த இடைவெளியை ஒரு குழாய் உமிழ்நீர் நிரப்பிவிடும் என்று நம்பினேன்.

செய்முறை இலகுவானது. அரை மணி நேரம் எதையும் உண்ணாமல் பருகாமல் இருந்து, குறித்த கோடு வரை உமிழ்நீரைச் சேர்த்து, மூடியிலுள்ள பாதுகாப்புத் திரவத்தை அதனுடன் கலக்கவேண்டும். நுரை கணக்கில் சேராது என்பதால், சித்திரை வெயிலைப் போலக் காய்ந்த வாயோடு இருபது நிமிடம் போராடினேன். இங்கிருந்து அனுப்ப வழியில்லாததால் அத்தானே குழாயைத் திருப்பி எடுத்துச்சென்றார். ஏழு வாரங்களில் அறிக்கை தொலைபேசிக்கு வந்தது.

வேடிக்கையான பகுதிகள் நன்றாகவே இருந்தன. காதுக் குறும்பி ஈரமானதா காய்ந்ததா என்பதை ஏபிசிசி11 என்ற ஒரேயொரு பரம்பரையலகு பெரும்பாலும் தீர்மானிக்கிறது. என்னுடையதை அறிக்கை சரியாகச் சொன்னது. கொத்தமல்லி இலை சவர்க்காரம் போல் மணக்காது என்றும் சொன்னது. அதை நான் ரசத்தைக் கேட்டே அறிவேன். முன்னோரைப் பற்றிய பக்கத்தில் தென்னிந்தியாவும் இலங்கையும் என்று இருந்தது. "எந்த ஊர் என்று போட்டிருக்கோ?" என்று அம்மம்மா கேட்டார். போடவில்லை.

நோய்ப் பகுதியில்தான் என் குறை தொடங்குகிறது. இரண்டாம் வகைச் சலரோகத்துக்கான வாய்ப்பு எனக்குச் சராசரி என்றது அறிக்கை. அம்மாவுக்கும் இரு மாமாமாருக்கும் சலரோகம். கடந்த சில மாதக் குருதிச் சீனியின் சராசரியைக் காட்டும் என் எச்பிஏ1சி அளவோ 6.0, அதாவது சலரோகத்துக்கு முந்திய எல்லைக்கோட்டு நிலைக்கு வந்துவிட்டது. இந்நோயை ஒரு பரம்பரையலகு ஆட்டிவைப்பதில்லை; நூற்றுக்கணக்கான இடங்களிலுள்ள சிறு மாறுபாடுகள் ஒவ்வொன்றும் சிறிதளவு தள்ள, சோறும் உடலுழைப்பும் மீதியைச் செய்கின்றன. அந்தச் சிறு தள்ளல்களைக் கூட்டிக் கணக்கிடும் முறை, யாருடைய உடல்களில் அளக்கப்பட்டதோ அவர்களுக்கே நன்றாகப் பொருந்தும். 2021 வரை நடந்த இத்தகைய பரம்பரையலகு ஆய்வுகளில் பங்குபற்றியோரில் ஏறத்தாழ 86 வீதத்தினர் ஐரோப்பிய வம்சாவளியினர். நாம் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது: 2015 இல் நிறைவுற்ற பன்னாட்டு ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்தின் 2,504 பேரில் ஐக்கிய இராச்சியத்தில் வாழும் இலங்கைத் தமிழர் 102 பேர் உள்ளனர். அவர்களுள் வன்னியிலிருந்து போனவர்களும் இருக்கலாம் என்று எண்ணுகையில் மனம் சற்று நெகிழ்கிறது. ஆனால் 102 பேரை வைத்து என் சலரோகத்தைக் கணிக்க இயலாது. வவுனியாவின் சில கிராமங்களையும் பீடித்துள்ள, காரணம் இன்னும் துலங்காத சிறுநீரக நோயைப் பற்றி அறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை.

"பீற்றா தலசீமியா: மாறுபாடு எதுவும் காணப்படவில்லை" என்று பச்சை நிறத்தில் வந்த வரிதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. பீற்றா தலசீமியா என்பது சிவப்பணுக்களிலுள்ள ஈமோகுளோபின் போதியளவு உருவாகாமல் கடும் குருதிச்சோகையை உண்டாக்கும் பரம்பரை நோய். அந்த வரியைப் படித்து நிம்மதியாக இருந்தேன். சில மாதங்களின் பின் தங்கைக்கும் மாமாவின் மகனுக்கும் கல்யாணம் பேசியபோது, தாதியொருவரின் வற்புறுத்தலால் தங்கை அரசாங்க வைத்தியசாலையில் முழுக் குருதிப் பரிசோதனை செய்தாள். சிவப்பணுக்களின் சராசரிக் கனவளவு 67 என்று வந்தது. 80 இற்குக் குறைந்தால் சந்தேகிக்கவேண்டும். இரும்புச்சத்து சரியாகவே இருந்ததால், ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனைக்குக் குருதியை அனுப்பினார்கள். அவள் தலசீமியாக் காவி, அதாவது தனக்கு நோய் இல்லாமலே அதைப் பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடியவள். பின்னர் அம்மாவையும் என்னையும் சோதித்தார்கள், நாங்களும் காவிகள்.

நிறுவனம் பொய் சொன்னது என்று நான் சொல்லவில்லை. பீற்றா தலசீமியாவை உண்டாக்கும் மாறுபாடுகள் இருநூறுக்கும் மேல். தாம் பார்ப்பது அவற்றுள் சிலவற்றை மட்டுமே என்று சிற்றெழுத்தில், நான்கு பக்கம் தள்ளி எழுதியிருந்தார்கள். நம் உடலில் இருப்பது அந்தச் சிலவற்றுள் இல்லாவிட்டால் "காணப்படவில்லை" என்ற சொல்லுக்குத் "தேடவில்லை" என்றே பொருள். முதற்பக்கத்தில் பச்சை நிறம் போட்டவர்கள் அதையும் அங்கேயே எழுதியிருக்கவேண்டும்.

பெறுபேற்றைக் கேட்ட அம்மம்மா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அம்மாவுக்கு இளைய தம்பியொருவன் இருந்ததைச் சொன்னார். மூன்று வயதில், உடல் வெளிறி, வயிறு வீங்கி இறந்த பிள்ளை. மலேரியாக் காய்ச்சல் என்றே எல்லோரும் நினைத்தார்களாம். மண்ணீரல் வீங்குவது இரண்டு நோய்க்கும் பொது. அந்நாளைய வன்னியில் மலேரியா என்பது யாருக்கும் முதலில் தோன்றும் விடை. தலசீமியாக் காவிகளுக்கு மலேரியாவின் கடுமையிலிருந்து ஓரளவு காப்புக் கிடைப்பதால்தான், மலேரியா நிலைத்திருந்த நாடுகளில் இந்தப் பரம்பரையலகு மறையாமல் தங்கியது என்பதை நினைக்கும்போது, அந்தத் தவறான விடைக்குள்ளும் ஓர் உறவு இருந்ததுபோல் எனக்குப் படுகிறது. 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டுவிட்டது. பரம்பரையலகு எங்களோடு இருக்கிறது.

அந்தப் பிள்ளைக்குத் தலசீமியாதான் என்றால் அம்மம்மாவும் தாத்தாவும் இருவருமே காவிகள். அப்படியானால் மாமாவும் காவியாக இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. காவிகள் இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கிலொரு பங்கு நோய் வாய்ப்பு. மச்சானின் குருதி முடிவு வரும்வரை இரு வீட்டிலும் யாரும் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. அவர் காவி அல்லர். ஆவணியில் முகூர்த்தம் வைத்திருக்கிறார்கள்.

பொழுதுபோக்காக வாங்க விரும்புவோர் வாங்கலாம். ஆனால் 2023 இல் இத்தகைய பெருநிறுவனமொன்றின் இலட்சக்கணக்கான பயனர்களின் தரவு திருடப்பட்டதையும், நம் உமிழ்நீர் நம் சகோதரங்களின் இரகசியத்தையும் சேர்த்தே சுமக்கிறது என்பதையும் மனதில் வைத்திருக்கவேண்டும். கல்யாணம் பேசும் வீட்டார் இதை நம்பவே கூடாது. அரசாங்க வைத்தியசாலையில் எங்களிடம் ஒரு சதமும் வாங்காமல் செய்த குருதிப் பரிசோதனைதான் அவர்களுக்குத் தேவை. ஐந்துக்கு இரண்டு புள்ளி தருகிறேன், அதில் ஒன்று காதுக் குறும்பிக்காக. இரண்டாவது பெட்டி அம்மம்மாவுக்கென வந்தது. அவர் அதைத் திறக்க மறுத்து, தையற் சாமான்கள் போட்டு வைத்திருக்கிறார்.