மூடிய அறையா, திறந்த அவையா?

அரசியலமைப்பை எழுதியதில் அமெரிக்காவும் இந்தியாவும் போன வழிகள் நேரெதிர். 1787இல் பிலடெல்பியாவில் 55 பேர், உள்ளே பேசுவது எதுவும் வெளியே போகக்கூடாது என்று விதி போட்டுக்கொண்டு, நான்கே மாதத்தில் எழுதி முடித்தார்கள். ஆனால் 13 மாநிலங்களில் 9 ஏற்றால்தான் செல்லும் என்பதால், ஒவ்வொரு மாநிலத்திலும் மாநாடு கூட்டிக் கடுமையாக விவாதித்தார்கள். மக்களின் உரிமைகள் எங்கே என்று அங்கே எழுந்த கேள்விதான் 1791இல் முதல் பத்துத் திருத்தங்களைக் கொண்டுவந்தது. ரோட் ஐலண்ட் மாநிலம் 1790 வரை பிடிகொடுக்கவில்லை.

இந்தியாவில் இதை எழுதக் கூடிய அரசியல் நிர்ணய சபை என்ற அவைக்குக் கிட்டத்தட்ட மூன்று வருடம் ஆனது. விவாதம் வெளிப்படையாக நடந்தது, 1948இல் வரைவை அச்சிட்டு மக்கள் கருத்துக்கு விட்டார்கள், அப்புறம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்களை அவையில் அலசினார்கள். 1949 நவம்பர் 26 அன்று அவையே ஏற்றுக்கொண்டது. மாகாணங்களிடம் ஒப்புதலுக்குப் போகவில்லை. அது ஒரு குறைதான், அதுவும் அந்த அவை எல்லாருக்கும் வாக்குரிமை கொடுத்துத் தேர்ந்தெடுத்த அவை இல்லை என்னும்போது.

இருந்தும் என் ஓட்டு இந்திய வழிக்கே. பிலடெல்பியாவில் அடிமைமுறையைத் தொடாமல் விட்டு, பிரதிநிதித்துவக் கணக்கில் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணினார்கள். அம்பேத்கர் தலைமையிலான குழு வரைந்த சட்டம் தீண்டாமையை ஒழித்தது, வயதுவந்த எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வாக்குரிமை கொடுத்தது.