பூநாரைக்கு நகுருவா, பொகோரியாவா?

கென்யா சுற்றுலாத் திட்டத்தில் "பூநாரை" (ஃபிளமிங்கோ) என்று கேட்டால் பெரும்பாலும் நகுரு ஏரியைத்தான் சேர்த்துத் தருவார்கள். நைரோபியிலிருந்து சுமார் 160 கி.மீ., நல்ல சாலை, அருகிலேயே பெரிய ஊர். ஆனால் பூநாரைக் கூட்டத்தைப் படம் எடுப்பதுதான் முதல் ஆசை என்றால், இன்னும் வடக்கே உள்ள பொகோரியா ஏரிக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன்.

காரணம் தண்ணீரில் இருக்கிறது. இந்த ஏரிகளில் லட்சக்கணக்கில் கூடுவது சிறிய பூநாரை என்ற இனம். ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசிதான் அதன் முக்கிய உணவு. உப்பும் காரத்தன்மையும் மிகுந்த நீரில்தான் அந்தப் பாசி செழிக்கும். 2010-க்குப் பிறகு பிளவுப் பள்ளத்தாக்கு ஏரிகளின் மட்டம் ஏறத் தொடங்கியது. நகுருவில் பழைய நுழைவாயிலே தண்ணீருக்குள் போய்விட்டது. நன்னீர் கலந்து ஏரி நீர்த்துப்போக, பாசி குறைந்தது, பறவைகளும் கிளம்பிவிட்டன. அவ்வப்போது ஓரளவு திரும்பி வருவதுண்டு. ஆனாலும் பழைய படங்களில் பார்த்த கூட்டத்தை நம்பிப் போகக் கூடாது. பொகோரியாவிலும் மட்டம் ஏறி, வெந்நீர் ஊற்றுகள் சில மூழ்கின. ஆனால் செங்குத்தான கரைகள் கொண்ட ஆழமான ஏரி என்பதால் அங்கே உப்பு அவ்வளவாகக் குறையவில்லை.

படமெடுக்கவும் பொகோரியா தனி ரகம். வண்டியை விட்டு இறங்கிக் கரையில் நடக்கலாம். நகுருவில் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டுமே இறங்க அனுமதி. கிழக்கே சிராச்சோ மலைச்சரிவு சுவர் மாதிரி நிற்பதால் காலை வெயில் ஏரியில் விழத் தாமதமாகும். சாலையும் ஊற்றுகளும் மேற்குக் கரையில் இருப்பதால் காலையில் எதிர்வெளிச்சம்தான். அதை வேண்டாம் என்று ஒதுக்காதீர்கள். குளிர்ந்த காலையில் ஊற்றுகளிலிருந்து ஆவி அடர்த்தியாக எழும். அதன் நடுவே கறுத்த உருவங்களாகப் பூநாரைகள் நடப்பது வேறெங்கும் எளிதில் கிடைக்காத படம். இளஞ்சிவப்பு நிறம் வேண்டுமென்றால் மாலை வரை பொறுங்கள், வெயில் உங்கள் முதுகுப் பக்கம் வந்துவிடும். நடுப்பகலில் கானல் எழுந்து தொலைவுப் படங்களையெல்லாம் கெடுத்துவிடும், கேமராவுக்கு ஓய்வு கொடுக்கலாம். இங்குள்ள ஆப்பிரிக்க மீன்கழுகுகள் பூநாரைகளையே வேட்டையாடும். கூட்டம் திடீரென்று கலைந்தால் உடனே வானத்தைப் பாருங்கள்.

அப்படியானால் நகுரு வேண்டாமா? பறவை மட்டும் போதாது என்பவருக்கு நகுருதான் சரி. 188 சதுர கி.மீ. பரப்பில் வேலியிட்ட தேசியப் பூங்கா, கறுப்பு, வெள்ளை காண்டாமிருகங்கள் இரண்டுக்கும் காப்பிடம். ராத்ஸ்சைல்டு ஒட்டகச்சிவிங்கியும் உண்டு. மஞ்சள் பட்டை வேல மரக்காட்டின் நடுவே காண்டாமிருகம் மேயும் படம் பொகோரியாவில் கிடைக்கவே கிடைக்காது. அங்கே பெரிய விலங்கு என்றால் குடு மான், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். கூழைக்கடாவுக்கும் நகுருதான், ஏனென்றால் அந்த ஏரியில் மீன் உண்டு. பொகோரியாவில் மீனே கிடையாது.

தான்சானியாவின் நேட்ரான் ஏரியைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். கிழக்கு ஆப்பிரிக்கச் சிறிய பூநாரைகள் முட்டையிடுவது அங்கேதான். ஆனால் கூடுகள் ஏரி நடுவே சோடா உப்புச் சேற்றில் இருக்கும், அங்கே நாம் போக முடியாது, போகவும் கூடாது. ஓல் டோயின்யோ லெங்காய் எரிமலையோடு சேர்ந்த நிலக்காட்சிக்காக வேண்டுமானால் போகலாம்.

மூன்று நாள் கையில் இருந்தால் முதல் நாள் நகுரு, அப்புறம் இரண்டு நாள் பொகோரியா என்று வையுங்கள். பக்கத்திலேயே பாரிங்கோ என்ற நன்னீர் ஏரி இருப்பதால் பறவைப் பட்டியல் மளமளவென்று நீளும். முன்பதிவு செய்யும் முன், இப்போது பூநாரை எந்த ஏரியில் நிற்கிறது என்று உள்ளூர் வழிகாட்டியிடம் கட்டாயம் கேளுங்கள்.

இன்னொன்று: பறக்கும் படத்துக்காகக் கைதட்டியோ ஹாரன் அடித்தோ கூட்டத்தைக் கிளப்புகிறேன் என்று யாராவது சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள். பாசியை வடிகட்டித் தின்ன அவற்றுக்கு நெடுநேரம் வேண்டும். காத்திருந்தால் மாலையில் தாமாகவே இடம் மாறும், அப்போது எடுத்துக்கொள்ளலாம்.