பனிக்காலத்துக்கு எது: பழைய சின்ன டிராக்டரா, பவர் டில்லரா, புது வண்டியா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தேன்கனிக்கோட்டை, தளி, கெலமங்கலம் பக்கம் பழைய சின்ன டிராக்டர்கள் அதிகமாக விலைக்கு வருவது, நான் பார்த்தவரை, மார்கழியிலும் தையிலும்தான். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டால் ஒரே பதில்: "காலையில ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது." விற்ற காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, பின்னால் நடந்தபடி ஓட்டுகிற பவர் டில்லர் வாங்குகிறார்கள், இல்லையென்றால் கடன் போட்டுப் புது வண்டி எடுக்கிறார்கள். குளிரில் கிளம்பாத குறைக்காக ஒரு நல்ல வண்டியை விற்பது தவறான கணக்கு என்பது என் உறுதியான எண்ணம். எந்த வண்டி என்பதை நிலத்தில் இருக்கிற வேலைதான் முடிவு செய்ய வேண்டும்.

எங்களுக்கு நான்கு ஏக்கர். இரண்டரை ஏக்கர் மாந்தோப்பு, ஒரு ஏக்கர் ராகி, மீதியில் பட்டன் ரோஜாவும் சாமந்தியும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம் என்பதால், மார்கழி விடியலில் 12, 13 டிகிரி சாதாரணம். மதியம் 27, 28 வரை ஏறிவிடும். வண்டிக்குத் தொல்லை தருவது இந்த ஏற்ற இறக்கம்தான். தண்ணீர் உறைகிற குளிர் இங்கே கிடையாது. ஆனால் பாதி காலியான டேங்கின் உள்பக்கம் இரவில் வியர்த்து, அந்த நீர் டீசலுக்கு அடியில் போய் நிற்கும்.

இந்த மாதங்களில் வேலையும் குறைவில்லை. ராகி களத்துக்கு வர வேண்டும், தட்டைப் போராக அடுக்க வேண்டும். மாமரம் பூவெடுப்பதற்கு முன் தோப்பில் கடைசி உழவு முடிந்திருக்க வேண்டும். பூ வந்தபின் வேரைக் கிளறினால் பிஞ்சு நிற்பது பாதிக்கும். நடுவே யானை பயம் வேறு. ஐப்பசி முதலே பன்னார்கட்டா காட்டிலிருந்து தளி, ஜவளகிரி வழியாக யானைகள் ராகியைத் தேடி வந்துவிடும். அதனால் இருட்டில் யாரும் வண்டி எடுப்பதில்லை. ஏழு மணிக்குத்தான் சாவி போடுகிறோம். அப்போது வண்டி கிளம்பியாக வேண்டும், பகல் குறுகிய மாதம் இது.

எங்கள் வீட்டில் இருப்பது பழைய மித்சுபிஷி சக்தி. 18.5 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர். அப்பா வாங்கியது. மாமரக் கிளைக்கு அடியில் குனிந்து போகிற உயரம், ஐந்து கொத்துக் கலப்பை, சின்ன டிரெய்லர். இதைத் தயாரிக்கும் வி.எஸ்.டி. நிறுவனத்தின் டிராக்டர் தொழிற்சாலை ஓசூரிலேயே இருப்பதால் எங்கள் பக்கம் இந்த வண்டியைத் தெரிந்த மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. பழைய வண்டி வைத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வேறில்லை.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்த, அந்த அழுத்தத்தில் பிறக்கிற சூட்டில் டீசல் பற்றிக்கொள்ளும். காலையில் சிலிண்டர் சுவர் சில்லென்று இருந்தால் அந்தச் சூட்டை அது குடித்துவிடும். எஞ்சினைப் புரட்டிவிடும் செல்ஃப் மோட்டார் மெதுவாகச் சுற்றினால் சூடு இன்னும் குறையும். இதற்கு ஈடுகட்டத்தான், மின்சாரத்தில் சூடாகி உள்ளிருக்கும் காற்றைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக். ஆக, குளிர்காலத்தில் கிளம்பாத வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி, வயர், ஹீட்டர் பிளக். எஞ்சினைக் குறை சொல்வது அதற்கு அப்புறம்தான்.

இதை நான் தெரிந்துகொண்டது, வண்டியை விற்க விலைபேசி முடித்த பிறகு. ஒரு மார்கழியில் பத்து நாள் தொடர்ந்து தகராறு. புது பேட்டரி போட்டும் அதே கதை. கடைசியாக வந்த மெக்கானிக் அண்ணன் மீட்டரை எடுத்து பேட்டரியில் வைத்தார்: 12.6 வோல்ட். சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு மறுபடி வைத்தார்: 10.8. நல்ல பேட்டரி. அதே மீட்டரை செல்ஃப் மோட்டாரிலேயே வைத்துப் பார்த்தால் எட்டுகூட வரவில்லை. பேட்டரியின் எர்த் வயரை வண்டியின் சேசிஸில் முறுக்கிய இடம் முழுக்கத் துரு. மூன்று ஹீட்டர் பிளக்கில் இரண்டு செத்துக் கிடந்தன.

"வண்டிக்கு வயசாகலப்பா, இந்த வயருக்குத்தான் வயசாயிடுச்சு" என்றார். அன்று மாலையே முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதிலிருந்து தீபாவளிக்கு முன்பே தயாராகிவிடுகிறேன். எர்த் வயர் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, வேஸ்லின் பூசி முறுக்குவது. பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதிப்பது. ஆயில் மாற்றும் நாள் வந்திருந்தால் 20டபிள்யூ-40-க்குப் பதில் 15டபிள்யூ-40 ஊற்றுவது. குளிரில் சீக்கிரம் ஓடும். வேலை முடிந்து வந்ததும் டேங்கை நிரப்பி வைப்பது, வாரம் ஒருமுறை டீசல் ஃபில்டர் அடியில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடுவது. ரேடியேட்டருக்கு போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது எல்லோருக்கும் தெரியும், ரேடியேட்டருக்குள்ளும் அதேதான் நடக்கும். கடையில் கலந்தே விற்கும் கூலன்ட் போதும். அப்புறம் எலி. ராகி மூட்டை அடுக்கிய கொட்டகையிலேயே வண்டியையும் நிறுத்தினால், பனிக்காலம் முடிவதற்குள் வயரைக் கடித்துவிடும். இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைக்காதீர்கள்.

காலையில் ஹீட்டரைப் பதினைந்து இருபது நொடி பிடித்து, பிறகு ஸ்டார்ட். கிளம்பியதும் நான்கைந்து நிமிடம் நிதானமான வேகத்தில் ஓடவிட வேண்டும்; உடனே ஆக்சிலேட்டரைத் தூக்கக் கூடாது. ஹைட்ராலிக் ஆயிலும் கெட்டியாக இருக்கும் என்பதால் முதல் சில தூக்கல்கள் மந்தமாகத்தான் வரும். துணியை டீசலில் நனைத்துக் கொளுத்திக் காற்று போகும் வாயில் காட்டுகிற பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஈதர் ஸ்பிரே அடித்துவிட்டு ஹீட்டரையும் போடுவது அதைவிட மோசம். உள்ளேயே வெடித்து பிஸ்டனை உடைத்துவிடும்.

இனி மற்றவை. பெரியப்பா மகன் அண்ணனிடம் இருப்பது, காற்றாலேயே குளிரும் ஏர்கூல் ஐஷர் டிராக்டர்: 25 குதிரைத்திறன், ஒரே சிலிண்டர், 1557 சிசி. இந்தியாவிலேயே தயாரான முதல் டிராக்டரை 1959-ல் ஃபரிதாபாத்திலிருந்து வெளியே அனுப்பிய பெயர் அது. ரேடியேட்டரே இல்லாததால் தண்ணீர், உப்பு, ஹோஸ் எந்தக் கவலையும் இல்லை. கிளம்பிவிட்டால் சீக்கிரம் சூடாகிவிடும், டிரெய்லர் இழுப்பதில் என் வண்டி அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் அந்த ஒற்றைப் பெரிய பிஸ்டனைக் காலைக் குளிரில் புரட்ட பேட்டரி முழுப் பலத்தோடு இருக்க வேண்டும். அண்ணன் மேட்டில் நிறுத்தி வைத்து, காலையில் உருட்டி கியரில் விட்டுக் கிளப்புவார். பனியில் நனைந்த புல்மேட்டில் பிரேக் பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்று நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ராகி, மானாவாரி நிலம், பாரம் இவைதான் உங்கள் வேலை என்றால் ஐஷர் நல்ல வண்டி. தாழ்ந்த கிளைகள் உள்ள தோப்புக்கும் பூப்பாத்திக்கும் அது பெரிது.

பவர் டில்லரைப் பற்றி நான் நினைத்தது மாறியிருக்கிறது. வி.எஸ்.டி. சக்தி 13 குதிரைத்திறன், கேரள அரசு நிறுவனமான காம்கோவின் டில்லர் 12. கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்புவதால் பேட்டரியை நம்பி நிற்க வேண்டியதில்லை. மேலே சொன்ன என் பத்து நாள் அவதி டில்லர்காரருக்கு வரவே வராது. அதற்கு ஈடாக உடம்பு உழைக்க வேண்டும். விறைத்த கையோடு கைப்பிடியைச் சுற்றும்போது எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிப்பதை முதலில் பழக வேண்டும். பாத்திகளுக்கு நடுவே களை எடுக்க டில்லரை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் சுழலும் கத்தியின் அகலம் இரண்டடி. அந்த அகலத்தில் ஒரு ஏக்கரை ஒரு முறை ஓட்டி முடிக்க ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் நடக்க வேண்டும். இரண்டரை ஏக்கர் தோப்பு என்றால் பதினேழு. அப்பாவின் வயதில் அது முடியாது, எனக்கும் இரண்டாம் நாள் முடியாது. சரிவான பாதையில் டில்லர் டிரெய்லரில் பாரம் ஏற்றுவதையும் நான் விரும்புவதில்லை.

டில்லருக்கு வேளாண் பொறியியல் துறை வழியாக மானியம் உண்டு. சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை, அதற்கென்று ஓர் உச்சவரம்போடு. ஒரு ஏக்கருக்குள் பூவும் காய்கறியும் மட்டும் வைத்திருப்பவர் யோசிக்காமல் இதற்கே போகலாம்.

புது மினி டிராக்டரில் குளிர் ஒரு பிரச்சினையே இல்லை. சாவி திருப்பினால் கிளம்பும், உத்தரவாதம் இருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததில் விலையும் இறங்கியது. ஆனாலும் நான்கு ஏக்கர்காரருக்கு ஒரு வண்டி வருடத்தில் எத்தனை நாள் ஓடும்? மற்ற நாட்களிலும் தவணை ஓடிக்கொண்டேதான் இருக்கும். தக்காளி விலை ராயக்கோட்டை மண்டியில் என்ன ஆகும் என்று தெரியாத ஊரில், மாதத் தவணையை நான் அஞ்சுகிறேன். அக்கம்பக்கத்துக்கு வாடகைக்கு ஓட்ட ஆளும் மனசும் இருந்தால் மட்டும் புதுசு சரி.

வாடகைக்கு எடுக்கலாமே என்றால், எடுக்கலாம். வேளாண் பொறியியல் துறையின் வண்டிகளுக்குக் கைபேசியிலேயே பதிவு செய்யலாம். பெரிய உழவுக்கு அது போதும். பூவெடுப்பதற்கு முந்தைய அந்த ஒரு வாரம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வண்டி தேவைப்படும் என்பதுதான் சிக்கல்.

ஆகவே தோப்பும் கொஞ்சம் மானாவாரிக் காடும் உள்ளவருக்கு என் தேர்வு பழைய சின்ன டிராக்டர்தான். பூப்பாத்திக்கு டில்லரை நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறோம். ஒரே ஒரு நிபந்தனை, எஞ்சின் தேய்ந்திருக்கக் கூடாது. முதல் நிமிடம் வெள்ளைப் புகை வந்து அடங்கினால் அது குளிர். சூடான பிறகும் நீலப் புகை நிற்காவிட்டால், ஆயில் மூடியைத் திறந்ததும் குபுகுபுவென்று புகை அடித்தால், பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டது. அந்த வண்டியை விற்பவர் சரியாகத்தான் விற்கிறார், நீங்கள் வாங்காதீர்கள்.

பார்க்கப் போவதென்றால் தை முடிவதற்குள், காலை ஏழு மணிக்குப் போங்கள். சாவி கேட்பதற்கு முன் எஞ்சினில் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஒருமுறை கிளப்பி வைத்திருக்கிறார்கள். அன்று திரும்பிவிட்டு, இன்னொரு நாள் சொல்லாமல் போங்கள்.