பெயருக்குக் காசா, குழலுக்குக் காசா?

இங்கிலாந்தில் இரண்டாயிரம் பவுண்டுக்குள் நல்ல ரெட்டைக்குழல் துப்பாக்கி வேண்டுமென்றால் பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மாதிரி பேர்பெற்ற லண்டன் கம்பெனிகள் பக்கமே போகாதீர்கள். புதுசு லட்சம் பவுண்டைத் தாண்டும். அந்தப் பெயரில் சல்லிசாக ஒன்று வந்தால் எங்கோ வில்லங்கம் இருக்கிறது. பூவேலைப்பாட்டில் மயங்கி நானும் ஒருமுறை ஏமாந்து, ஆறே மாதத்தில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன்.

மிச்சமிருப்பது மூன்று வழி. வாரா வாரம், விளையாட்டாக வானில் எறியும் களிமண் தட்டைச் சுடுபவர் என்றால் யோசிக்காமல் இத்தாலியின் பெரெட்டா 686 பழையதாக வாங்குங்கள், மேலும் கீழுமாகக் குழல் உள்ளது. உதிரிபாகம் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் கையில் எடுத்தால் நல்ல கார் ஓட்டுகிற மாதிரிதான், காதல் வராது.

ஸ்பெயினின் ஐபார் ஊரில் செய்த ஏ.ஒய்.ஏ. துப்பாக்கி நடுவழி. அதன் நம்பர் 4 மாடல் பாக்ஸ்லாக், அதாவது சுடும் பொறி உடலுக்குள்ளேயே அடங்கியது. நம்பர் 2 ஹாலண்ட் பாணி சைட்லாக், பொறி இரு பக்கத் தகடுகளில் இருக்கும், அழகு, விலையும் கூட. ஆங்கிலேயத் துப்பாக்கி மாதிரியே தோளில் உட்காரும்.

என் ஓட்டு பழைய பர்மிங்காம் பாக்ஸ்லாக்குக்கு. அந்த ஊர் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் துப்பாக்கிக் கம்பெனியில் வேலை பார்த்த ஆன்சனும் டீலியும் 1875இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு, உள்ளே உறுப்புகள் குறைவு, கெடுவதற்கும் அதிகமில்லை. சின்ன ஊர்க் கடைக்காரர்கள் பலர் பர்மிங்காமில் செய்வித்துத் தங்கள் பெயரைப் பொறித்து விற்றார்கள், அதனால் மேலே யார் பெயர் இருக்கிறது என்பதை விட்டுவிட்டுக் குழலைப் பாருங்கள்.

எப்படி? குழலைக் கழற்றி, கீழே இருக்கும் கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். மணி மாதிரி கணீரென்றால் சரி, மண்சட்டி மாதிரி மொத்தென்றால் இரு குழலையும் சேர்க்கும் நடுப்பட்டையின் ஈயப்பற்று விட்டிருக்கிறது. அப்புறம் குழலைத் திரும்பப் பூட்டி, அதற்குக் கீழே கை பிடிக்கும் முன்கட்டையை மட்டும் மாட்டாமல் லேசாக ஆட்டினால் லொடலொட என்றால் குழலும் உடலும் சேரும் இணைப்பு தேய்ந்துவிட்டது, இதைச் சரிசெய்யும் செலவு துப்பாக்கி விலையையே எட்டலாம். குழல் சுவரின் தடிமன் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது பங்குக்குக் கீழே போயிருந்தால் பேரமே வேண்டாம். இக்காலப் புகையில்லா வெடிமருந்தைத் தாங்கும் என்று சோதித்துக் குத்திய நைட்ரோ முத்திரை இருக்கிறதா, தோட்டா அறை இரண்டரை அங்குலமா என்பதும் முக்கியம். இரண்டரை அங்குல அறையில் அதைவிட நீளமான எழுபது மில்லிமீட்டர் தோட்டாவைத் திணிக்கக் கூடாது. ஈயத்துக்குப் பதில் ஸ்டீல் ரவைதான் சுடுவேன் என்பவர் பெரெட்டாவுக்கே திரும்பிவிடலாம்.

இன்னும் காசு மிச்சம் பிடிக்க, சுட்ட தோட்டாவைத் தானே வெளியே தள்ளும் எஜெக்டர் இல்லாததைக் கேளுங்கள், விலை நன்றாகவே இறங்கும். அதைக் கையால் எடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.