நியூ ஃபாரஸ்டா, டீன் காடா, பிராட்ஃபீல்டா? இங்கிலாந்தில் நடக்க எந்தக் காடு

"ஒரே ஒரு நாள்தான் லீவு. எந்தக் காட்டுக்குப் போகலாம்?" வசந்தம் வந்தால் யாராவது ஒரு நண்பர் இதைக் கேட்டுவிடுவார். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள், அல்லது பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டிருக்கும். முன்பெல்லாம் யோசிக்காமல் நியூ ஃபாரஸ்ட் என்று சொல்லிவிடுவேன். இப்போது எந்த மாதம், என்ன பார்க்க ஆசை என்று முதலில் கேட்கிறேன்.

காரணம் இருக்கிறது. மனிதக் கை படாத காடு என்று இங்கிலாந்தில் அநேகமாக எதுவும் இல்லை. ஒவ்வொரு காட்டிலும் நூற்றாண்டுக் கணக்கில் யாரோ மாடு மேய்த்திருக்கிறார்கள், நிலக்கரி தோண்டியிருக்கிறார்கள், கழி வெட்டியிருக்கிறார்கள். அங்கே எந்தப் பூ பூக்கும், எந்தப் பறவை கூடு கட்டும் என்பதெல்லாம் அந்த வேலையைப் பொறுத்தது. அதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

இங்கே நான் ஒப்பிடுவது மூன்று காடுகளை. தெற்கே ஹாம்ப்ஷரில் நியூ ஃபாரஸ்ட், வேல்ஸ் எல்லையை ஒட்டிக் குளோஸ்டர்ஷரில் டீன் காடு, கிழக்கே சஃபோக்கில் பிராட்ஃபீல்ட் வுட்ஸ். முதல் இரண்டும் பெயர் பெற்றவை. மூன்றாவதை இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில்கூடப் பலர் கேள்விப்பட்டதில்லை.

நியூ ஃபாரஸ்டில் ரயிலை விட்டு இறங்கியவர்கள் முதலில் சொல்வது, "மரத்தைவிட வெட்டவெளிதானே அதிகமா இருக்கு?" என்பதுதான். உண்மைதான். ஃபாரஸ்ட் என்பது அந்தக் காலத்தில் சட்டச் சொல். ராஜாவின் வேட்டைக்கு ஒதுக்கிய நிலம் என்று அதற்குப் பொருள், மரம் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. முதலாம் வில்லியம் 1079 வாக்கில் மான் வேட்டைக்காக இதை ஒதுக்கினார். 2005இல் தேசியப் பூங்கா ஆனது. மொத்தம் சுமார் 570 சதுர கிலோமீட்டர். ஹெதர் புதர் படர்ந்த வெளி, சதுப்பு, ஓடை, நடுநடுவே ஓக்கும் பீச்சும் நிற்கும் பழைய காடு என்று எல்லாம் கலந்து கிடக்கும். ஆகஸ்டில் அந்த ஹெதர் வெளி முழுக்க ஊதா நிறமாகிவிடும். அதைப் பார்க்கவே ஒரு தடவை போகலாம்.

இங்கே காட்டை உருவாக்கியது மேய்ச்சல். சாலையோரத்தில் நிற்கும் குதிரைகளைக் காட்டுக் குதிரை என்று பலரும் நினைக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. பொது மேய்ச்சல் உரிமை பெற்ற குடும்பங்கள் தங்கள் குதிரைகளையும் மாடுகளையும் கழுதைகளையும் காட்டில் விட்டு வளர்க்கின்றன. அவற்றைக் கண்காணிக்கும் அஜிஸ்டர்கள், கட்டணம் கட்டிய குதிரையின் வால்முடியைத் தங்கள் பகுதிக்குரிய வடிவத்தில் வெட்டிவிடுவார்கள். அடுத்த முறை போகும்போது வாலைக் கவனியுங்கள். இலையுதிர் காலத்தில் இன்னொன்றும் பார்க்கலாம். பச்சை ஓக் கொட்டை குதிரைக்கும் மாட்டுக்கும் விஷம், பன்றிக்கு ஒன்றும் செய்யாது. அதனால் அந்தப் பருவத்தில் வளர்ப்புப் பன்றிகளைக் குறைந்தது 60 நாள் காட்டுக்குள் அவிழ்த்துவிடுகிறார்கள். அவை கொட்டையைத் தின்று தரையைச் சுத்தம் செய்துவிடுகின்றன.

இவ்வளவு வாய்கள் மேய்வதால் மரங்களின் அடியில் புதரே இருக்காது. குதிரையின் கழுத்து எட்டும் உயரம் வரை இலையும் இருக்காது, அளவுகோல் வைத்துக் கத்தரித்தது போல் ஒரு நேர்க்கோடு தெரியும். தோப்புக்குள் நடப்பது மாதிரி வெகுதூரம் வரை பார்வை ஓடும். வயதானவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இதைவிட வசதியான காடு கிடையாது. ஆனால் வசந்தத்தில் தரை நிறையப் பூ பார்க்க வேண்டும் என்று வந்தால் மனம் வாடிப் போகும். லிண்ட்ஹர்ஸ்ட் பக்கத்தில் பாண்ட்ஹெட் என்று வேலியிட்ட பகுதி ஒன்று இருக்கிறது. குதிரை நுழைய முடியாததால் அங்கே மட்டும் வசந்தத்தில் புளூபெல் பூக்கள் நீலமாய் விரிந்து கிடக்கும். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மண்தான், மேய்ச்சல் மட்டும்தான் வேறு.

டீன் காடு இதற்கு நேர் எதிர். வை ஆற்றுக்கும் செவர்ன் ஆற்றுக்கும் நடுவில், ஏற்ற இறக்கமாய், அடர்ந்து, கொஞ்சம் இருட்டாகவே இருக்கும். மரக்காடு மட்டும் சுமார் 110 சதுர கிலோமீட்டர். இதுவும் ராஜா காடுதான், ஆனால் இதற்குள் இரும்பும் நிலக்கரியும் இருந்தன. செயின்ட் பிரியவெல்ஸ் வட்டத்தில் பிறந்து, 21 வயது நிரம்பி, அங்குள்ள சுரங்கத்தில் ஓராண்டும் ஒரு நாளும் வேலை பார்த்தவர் "ஃப்ரீ மைனர்" ஆகலாம், சொந்தமாகச் சுரங்கம் தோண்ட உரிமை கோரலாம். அந்த உரிமை இன்றும் உயிரோடு இருக்கிறது. 2010இல் முதன்முறையாக ஒரு பெண்ணும் அந்தப் பட்டியலில் சேர்ந்தார். நடக்கும்போது பாறைகளுக்கு நடுவே பாசி படிந்த பள்ளங்கள் வரும். ஸ்கவுல்ஸ் என்பார்கள். பழங்காலத்தில் இரும்புத் தாது எடுத்த இடங்கள் அவை. மரவேர்கள் பாறையைப் பிடித்துத் தொங்கும்.

ஓக் மரங்களுக்கும் ஒரு கதை உண்டு. 1802இல் அட்மிரல் நெல்சன் இங்கே வந்து பார்த்துவிட்டு, கடற்படைக்கு மரம் போதாது, ஓக் நடுங்கள் என்று அரசுக்கு எழுதினார். நட்டார்கள். அந்த மரங்கள் கப்பலுக்குத் தயாராகும் வயதை எட்டுவதற்குள் கப்பல்கள் இரும்புக்கு மாறிவிட்டன. 1814இல் நட்ட ஓக் மரங்கள் பார்க்கெண்ட் ஊருக்குப் பக்கத்தில் நாக்ஸ்ஹெட் சரணாலயத்தில் இன்றும் நிற்கின்றன. கப்பல் பலகையாக வேண்டிய மரங்களுக்கு நடுவே மே மாதத்தில் பைட் ஃப்ளைகேட்சர் பறந்துகொண்டிருக்கும். கறுப்பும் வெள்ளையுமான சின்னஞ்சிறு பறவை, ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. அதற்காக அங்கே 1942 முதல் கூட்டுப் பெட்டிகள் வைத்து வருகிறார்கள்.

விலங்கு என்று பார்த்தால் மூன்றில் டீன்தான் முதலிடம், சந்தேகமே இல்லை. பிரிட்டனில் நடுக்காலத்திலேயே அழிந்துபோன காட்டுப்பன்றி இங்கே மறுபடி திரிகிறது. 1990களில் பண்ணையிலிருந்து தப்பியவை சில, 2004இல் ஸ்டான்டன் பக்கம் யாரோ கொண்டுவந்து விட்டவை சில. 2018இல் லிட்புரூக் பக்கத்து ஓடையில் வேலியிட்ட இடத்தில் பீவர்களை, அதாவது மரக்கிளைகளால் ஓடைக்குக் குறுக்கே அணை கட்டும் விலங்குகளை, விட்டார்கள், வெள்ளத்தின் வேகத்தை அவற்றின் அணைகள் குறைக்குமா என்று பார்க்க. 2019க்கும் 2021க்கும் இடையில் ஸ்காட்லாந்திலிருந்து 35 பைன் மார்ட்டின்களைக் கொண்டுவந்து விட்டார்கள். மரமேறும் சிறு வேட்டை விலங்கு அது, நம் நீலகிரி மார்ட்டினுக்கு நெருங்கிய உறவு. அப்புறம், பழைய நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவுமேடு ஒன்று நியூ ஃபேன்சி என்ற பெயரில் காட்சிமேடாகியிருக்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் வெயில் அடிக்கும் காலைகளில் அதன்மேல் நின்றால், மரங்களுக்கு மேலே கோஸ்ஹாக் வட்டமிடுவதைப் பார்க்கலாம். வல்லூறின் குடும்பம்தான், உருவம் மட்டும் பல மடங்கு பெரிது. சிமண்ட்ஸ் யாட் பாறையில் பொரி வல்லூறு கூடு கட்டுகிறது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை இரவு நடமாடிகள். நான் மூன்று முறை போயும் காட்டுப்பன்றியைப் பார்க்கவில்லை, நான்காவது முறைதான் பார்த்தேன். முதல் மூன்று முறையும் பார்த்தது அது விட்டுப்போன வேலையை. ஒரு கிராமத்தின் ஓரத்தில் புல்தரை முழுக்க ஏர் ஓட்டியது போல் புரண்டு கிடந்தது. குனிந்து பார்த்தால், புல் வேரோடு சுருட்டித் தள்ளப்பட்டு, அடியில் ஈரமண் இன்னும் காயாமல் மின்னியது. ஒரு புரட்டலின் நடுவே பாதி மென்று துப்பிய கிழங்கு. ராத்திரிதான் வந்து போயிருக்கிறது. நான்காவது முறை, ஜூன் மாதம், இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் மிச்சமிருந்த நேரம், பாதையைக் கடந்து ஒரு தாயும் அதன் பின்னால் கோடுபோட்ட குட்டிகளும் ஓடின. ஐந்தாறு நொடிதான் இருக்கும். அதற்காக நான்கு முறை போனது தகும். ஒரே பகலில் வந்து திரும்புகிறவர்களுக்கு இதை உறுதி சொல்ல முடியாது. டீன் என்றால் இரண்டு இரவாவது தங்க வேண்டும். நாய் வைத்திருப்பவர்கள் கயிற்றை அவிழ்க்கக் கூடாது, குட்டி போட்ட பன்றி நாயைப் பொறுத்துக்கொள்ளாது.

சரி, பிராட்ஃபீல்ட். பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊருக்குத் தெற்கே, கோதுமை வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. முழுக்கச் சுற்றிவர இரண்டு மணி நேரம் போதும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. எனக்கு மூன்றிலும் பிடித்தது இதுதான்.

இங்கே காட்டை வளர்த்தது வெட்டு. கரும்பில் மறுதாம்பு விடுகிறோமே, அதேதான். ஹேசல், ஆஷ் மரங்களைத் தரையோடு வெட்டுவார்கள். அடிக்கட்டையிலிருந்து இளங்கழிகள் கிளம்பும். பல ஆண்டு கழித்து அவற்றை வெட்டி வேலிக்கும் வைக்கோல்வாரிக்கும் விறகுக்கும் கொடுப்பார்கள். மறுபடி துளிர்க்கும். பரி மடாலயத்துத் துறவிகளின் சொத்தாக இருந்த காலத்திலிருந்து, 1252 முதல், இந்தச் சுழற்சி நடக்கிறது. ஒரு பழைய ஆஷ் அடிக்கட்டையின் முன் நின்று பாருங்கள். ஒரு மரம் போலவே இருக்காது. நடு உளுத்து உதிர்ந்து, விளிம்பு மட்டும் வளையமாய் விரிந்து, அந்த வளையத்தைச் சுற்றிப் புதுக் கழிகள் நேராக நிற்கும். பாசியை விரலால் தொட்டால் அடியில் பழைய வெட்டுகளின் மேடுகள் தட்டுப்படும். சில அடிக்கட்டைகளுக்கு ஆயிரம் வயது இருக்கலாம் என்று கருதுகிறார்கள். வெட்ட வெட்டத்தான் அவை இத்தனை காலம் இருந்திருக்கின்றன. 2012இல் பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்ட ஆஷ் கருகல் நோய் இந்தப் பக்கமெல்லாம் பரவிவிட்டது. நுனி பட்டுப்போன கழிகளைப் பார்க்கும்போது எனக்கு நிஜமாகவே வயிறு கலங்குகிறது.

வெட்டிய பகுதியில் வெயில் விழும். பல ஆண்டுகளாக நிழலில் காத்திருந்த வேர்கள் இரண்டாவது வசந்தத்தில் மொத்தமாகப் பூக்கும். வெள்ளை வுட் அனிமோனி, ஊதா ஆர்க்கிட், அப்புறம் ஆக்ஸ்லிப். வெளிர் மஞ்சளில் ஒரு பக்கமாய்த் தலைசாய்த்துத் தொங்கும் இந்த ஆக்ஸ்லிப், இங்கிலாந்தில் கிழக்குப் பகுதியின் களிமண் காடுகளில்தான் வளரும். இத்தனை சின்ன இடத்தில் 370 வகைக்கு மேல் செடிகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் புதர் அடர்ந்து மேலே எழும், பூ குறையும், பறவைகள் வரும், டார்மவுஸ் என்ற பொன்னிற எலி கிளைவழியே நடமாடும். அதை நீங்கள் பார்க்கப் போவதில்லை. ஆனால் ஹேசல் புதரடியில் விழுந்த கொட்டைகளைப் புரட்டிப் பாருங்கள். ஓட்டில் வட்டமாக ஒரு துளை, துளையின் உள்விளிம்பு கடைந்தது போல் வழவழப்பாக இருந்தால் டார்மவுஸ் தின்றது. விளிம்பில் குறுக்கே பல்தடம் இருந்தால் சாதாரணக் காட்டெலி.

நியூ ஃபாரஸ்டைப் படைத்த மேய்ச்சல் இங்கே எதிரி. மான் புகுந்தால் இளந்துளிரையும் ஆக்ஸ்லிப்பையும் தின்றுவிடும், அதனால் வெட்டிய பகுதிக்கு வேலி போடுகிறார்கள். 1960களில் இந்தக் காட்டின் பெரும்பகுதியை வயலாக்க வேரோடு பிடுங்கினார்கள். ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றதால்தான் மிச்சம் தப்பியது. இப்போது சஃபோக் வனவுயிர் அறக்கட்டளையின் கையில் இருக்கிறது.

போய்வருவதில் நியூ ஃபாரஸ்ட்டுக்குப் போட்டியே இல்லை. லண்டன் வாட்டர்லூவில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேலே பிராக்கன்ஹர்ஸ்ட், ஸ்டேஷனிலிருந்தே நடக்கலாம். டீனுக்கு லிட்னி வரை ரயில் உண்டு, அதற்குப் பிறகு கார் இல்லாமல் சிரமம். பிராட்ஃபீல்டுக்கும் கார்தான் நல்லது. நியூ ஃபாரஸ்டில் காரோட்டினால் 40 மைல் வேகத்தைத் தாண்டாதீர்கள், இருட்டில் குதிரை சாலை நடுவே நிற்கும். குதிரைக்குத் தீனி கொடுக்கவும் தடவவும் 2023இல் உள்ளூர் கவுன்சில் தடை போட்டுவிட்டது, மீறினால் அபராதம். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூன்று இடத்திலும் உண்ணி உண்டு. பெரணிப் புதரில் நடந்துவிட்டு வந்தால் அன்று இரவே முழங்காலின் பின்புறம், இடுப்பு, பிள்ளைகளின் தலைமுடியோரம் எல்லாம் பார்த்துவிட வேண்டும். கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாய்ச் சிவந்து பரவினால் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள், அது லைம் நோயாக இருக்கலாம். நியூ ஃபாரஸ்ட் வெளியில் மார்ச், ஏப்ரல் வெயிலில் ஆடர் பாம்பு சுருண்டு கிடக்கும். பிரிட்டனின் ஒரே விஷப்பாம்பு அது, விரியன் இனம். விலகி நடந்தால் போதும்.

ஆக, வயதான அப்பா அம்மாவோடு, காரில்லாமல், ஒரே நாளில் என்றால் நியூ ஃபாரஸ்ட்தான். ஆகஸ்டும் அக்டோபரும் உத்தமம். விலங்கு பார்க்கும் பொறுமையும் தங்க நேரமும் இருந்தால் ஜூனில் டீன். ஏப்ரல் நடுவிலிருந்து மே முதல் வாரத்துக்குள் ஒரு காலை மட்டும் கிடைத்தால் தயங்காமல் பிராட்ஃபீல்ட் போங்கள். களிமண், சேறு கணுக்கால் வரை வரும், அதனால் கம்பூட்ஸ் கட்டாயம். பாதையை விட்டு இறங்காதீர்கள், மிதிபட்ட செடி தேற ஆண்டுகள் பிடிக்கும். அங்கே வேலை செய்பவர்கள் யாராவது கண்ணில் பட்டால், போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில் வெட்டிய பகுதி எது என்று கேளுங்கள். ஆக்ஸ்லிப் அங்கேதான் நிறைந்திருக்கும்.